ஈரத்துக்கு ஒரு கிலோ

கள்ளக்குறிச்சியில் மக்காச்சோள மண்டி வைத்திருந்த அப்துல் ஜலீல் ஐம்பது வயதை நெருங்கும்போது ஓடத் தொடங்கினார். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. டாக்டர் சொன்னார் என்பார்; டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருந்தார். தூக்கம் வரவில்லை என்பார். மண்டி நாற்காலியில் அவர் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்க்காதவர்கள் கடைத்தெருவில் இல்லை. மனைவி ஆசியா பீவியிடம் மட்டும் ஒருமுறை வேறொன்று சொன்னார்.

"ஓடறப்ப யாரும் என்னாண்ட வெல கேக்கறதில்ல."

அது உண்மையாக இருக்கலாம். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் வடக்கனந்தல் சாலையில் இறங்கி ஓடுவார். போகும் நேரமும் திரும்பும் நேரமும்தான் அவருடையவை. மீதி நாள் முழுவதும் அவர் மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாளாக நாளாக ஓடும் தூரம் கூடியது. அதோடு ஓர் ஆசையும் வந்தது. கல்வராயன் மலையில் கரியாலூரிலிருந்தும் அதன் சுற்று ஊர்களிலிருந்தும் முப்பது வருடமாக அவரிடம் மூட்டைகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. ஒருமுறை மண்டி வாசலிலிருந்து கரியாலூர் வரை தான் ஓடிப்போக வேண்டும் என்று நினைத்தார். முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். பின்பாதி முழுவதும் ஏற்றம்.

முதல்முறை புறப்பட்டபோது தண்ணீரே எடுத்துக்கொள்ளவில்லை. மறதியால் அல்ல, யோசித்துத்தான். சிறுவயதிலிருந்து ரமலான் மாதம் முழுவதும் நோன்பு வைத்தவர் அவர். சித்திரையில் நோன்பு வந்த வருடங்களிலும் ஒரு நாளைக்கூட விட்டதில்லை. பொழுது விடிந்து பொழுது சாயும்வரை எச்சில்கூட விழுங்காமல் இருந்த உடம்புக்கு நாலைந்து மணி நேரம் பெரிதா என்று கணக்குப் போட்டார். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் கால் பின்னி விழுந்தார். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அவரைக் கரும்பின் மேலேயே கிடத்தி வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது. தெருவே திரண்டு நின்று பார்த்தது.

ஆசியா பீவி அன்று கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். மறுநாள் அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு சொன்னார்.

"நோன்பு நோன்புன்றீங்களே, நோன்பு வெச்சிக்கினு நீங்க மூட்டயா தூக்கினீங்க? நாற்காலில ஒக்காந்துக்கினு ஃபேன் காத்துதான வாங்கினீங்க?"

ஜலீல் போர்வையைக் காலுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் ஓட வேணாம்னு சொல்லல. ஆனா இன்னொரு தடவ யாராவது உங்கள வூட்டுக்குத் தூக்கினு வந்தா, அன்னியோட ஓட்டம் முடிஞ்சுது. சரின்னு சொல்லுங்க."

"சரி."

அந்தச் சொல்லை அவர் லேசாகச் சொல்லவில்லை. அவர் மண்டியில் எடையாளர் ஒரு மூட்டையின் எடையைக் கூவி, விற்பவர் 'சரி' என்றுவிட்டால் அதற்குப் பிறகு பேச்சில்லை. தராசே தப்பு என்று தெரிந்தால் மட்டும் பேச்சு செல்லாது. முதலிலிருந்து நிறுக்க வேண்டும். இரண்டு விதிகளும் அவருடைய தகப்பனார் காலத்தவை, அத்தா சொல்லிக்கொடுத்தவை.

எனவே எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வியில் இப்போது அவருடைய ஓட்டமே தொங்கியது. அவர் விசாரிக்கத் தொடங்கினார். விசாரித்தவரை எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது, அதுதான் சிக்கல். போனில் ஓட்டக்காரர்கள் குழு ஒன்று இருந்தது. அதில் ஒருவர், தாகம் எடுக்கும்முன் குடித்துவிட வேண்டும், தாகம் எடுத்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள் என்றார். இன்னொருவர் தாகம் எடுக்காமல் ஒரு வாய் கூடக் குடிக்காதே என்றார். மருந்துக்கடைக்காரர் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினார். இளநீர் என்றார்கள், மோர் என்றார்கள். சிறுநீரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னது ஒரு வீடியோ. விடியாத இருட்டில் சாலையோரம் நின்று நிறம் பார்ப்பது எப்படி என்று அது சொல்லவில்லை.

தாகத்தை நம்பலாம் என்பதை மட்டும் அவர் மனம் ஒப்பவில்லை. விற்க வந்தவன் சொல்லும் எடையை எந்த மண்டிக்காரரும் எழுதிக்கொள்வதில்லை. தாகமும் அப்படித்தான், வேண்டும் என்று கேட்பதே, எவ்வளவு வேண்டும் என்றும் எப்படிச் சொல்ல முடியும்? சார்பில்லாத சாட்சி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது.

அது குழுவில் இருந்த ஒரு டாக்டர் வழியாகக் கிடைத்தது. ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் ஓடுங்கள், ஓடும்முன் எடை பாருங்கள், ஓடி வந்து எடை பாருங்கள், குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் நீர் என்று அவர் எழுதியிருந்தார். ஜலீல் அதைப் படித்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார். இது சோளம் காயவைக்கும் களத்துக் கணக்கு! ஈரச் சோளத்தைக் காயப்போட்டு நிறுத்தால் எவ்வளவு குறையும் என்பதைத்தானே அவர் வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்? தராசும் அவருடையது, எடையாளரும் அவருடையவர்.

எடையாளர் சின்னதுரை வடக்கனந்தல்காரர். இருபது வருடமாக அந்த மண்டியில் நிறுக்கிறார். தராசு தட்டுத் தராசாக இருந்து மின்தராசாக மாறிய பிறகும் அவர் முறை மாறவில்லை. மூட்டை பலகையில் ஏறியதும் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்துவார், எண்ணைப் பார்ப்பார், கூவுவார். கையில் ஈரம் தட்டினால் மூட்டைக்கு ஒரு கிலோ கழித்துக் கூவ வேண்டும் என்பது வழக்கம். கூவியதுதான் எடை. கண்ணாடிக்குள் சிவப்பாக எரியும் எண்ணை மற்ற யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பது எடையாளரை அவமதிப்பது போல.

முதல் நாள் ஜலீல் லுங்கியும் பனியனுமாகப் பலகையில் ஏறியபோது சின்னதுரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னா பாய், உங்களயே லோடு ஏத்தப் போறீங்களா?"

"ஒயுங்கா எட பாருப்பா."

"எழுபத்தி நாலு. நல்ல சரக்குதான். கொஞ்சம் பழசு."

ஒரு மணி நேரம் கழித்து அவர் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். ஓடும்போது மூக்குக் கண்ணாடி போடுவதில்லை. பலகையில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சின்னதுரை தோளில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கூவினார்.

"எழுபத்திரெண்டு!"

"ரெண்டு கிலோவா?"

"ரெண்டு கிலோ, பாய். காஞ்சி போயிட்டீங்க."

இரண்டு கிலோ என்றால் இரண்டு லிட்டர். ஜலீலுக்கே அது ஜாஸ்தியாகப் பட்டது. ஆனால் அவர் ஒரே நிறுவையை நம்புகிறவர் இல்லை. பல நாட்கள் பார்த்தார். வெயில் நாளில் இரண்டுக்குச் சற்று மேல், மேகமூட்டமான நாளில் சற்றுக் கம்மி. மார்கழியில் பனி கொட்டிய ஒரு காலையில், உடம்பில் வேர்வை என்று சொல்ல எதுவும் இல்லாமல், பனியில் மட்டும் நனைந்து வந்தார். அன்றும் ஒன்றேகால் கிலோ குறைந்திருந்தது.

"வேர்க்கவே இல்லன்றீங்க. அப்ப ஒண்ணேகால் கிலோ எங்க போச்சு?" என்று கேட்டார் ஆசியா பீவி.

"மூச்சுல போவுமாம். குளுருல ஜாஸ்தியா போவுமாம். போன்ல போட்டிருக்காங்க."

"மூச்சுலயா? அப்ப பேச்சுல எவ்ளோ போவும்? மண்டில நாள் பூரா கத்தறீங்களே, நீங்க இந்நேரம் கருவாடா ஆயிருக்கணும்."

கணக்குக்கு ஒத்துவராத செய்தி ஒன்று வரும்போது கணக்கைச் சந்தேகிக்கலாம், அல்லது செய்திக்கு ஒரு விளக்கம் தேடலாம். இரண்டாவது எப்போதும் எளிது, எப்போதும் கிடைத்துவிடுகிறது. ஜலீலுக்கும் கிடைத்தது. அவர் மட்டுமல்ல, எண்ணிப் பார்த்து நடப்பதாக நம்பும் பலரும் அந்த இடத்தில் அதைத்தான் செய்வார்கள். அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது.

மணிக்கு இரண்டு லிட்டர் என்று முடிவு செய்தார். ஒத்திகையாக ஒருநாள் இரண்டு மணி நேரம் அப்படியே குடித்து ஓடிப் பார்த்தார். வயிறு குடம் போல ஆடியது. வலது கை விரலில் இருந்த வெள்ளி மோதிரம் இறுகிக்கொண்டது. தலை கனத்தது, வழக்கமாக வரும் லாரி டிரைவரின் பெயர் மத்தியானம் வரை நினைவுக்கு வரவில்லை. உடம்புக்குப் பழக்கம் இல்லை, பழகிவிடும் என்றார். சின்னதுரை, இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி குடித்தால் தெளிந்துவிடும் என்றார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். ஜலீல் ஓட, சின்னதுரை மொபெட்டில் இரண்டு பக்கமும் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பாட்டிலை நிரப்பி நீட்டுவது, காலியானால் வாங்குவது, நேரம் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வடக்கனந்தல் வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அணையைத் தாண்டி, முன்பு விழுந்த இடம் வந்தபோது ஜலீல் நின்று அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை கால் பின்னவில்லை. ஆனால் பாட்டிலைக் கையில் வாங்கியதும் குமட்டியது.

"போதும் துரை. வேணாம்போல இருக்குது."

"இன்னா பாய் வேணாம்? கணக்கு இருக்குதில்ல? மத்த நாள்ல நீங்கதான சொல்லுவீங்க, நாக்கு சொல்றத நம்பாதன்னு?"

அவர் சொன்னதுதான். குடித்தார்.

மலைப்பாதையில் ஏற ஏறக் குளிர்ந்த காற்று அடித்தது. வேர்வை நின்றே போனது. கணக்கு நிற்கவில்லை. நாலாவது மணியில் ஜலீல் ஒரு வளைவில் நின்று, மிகவும் அக்கறையாகக் கேட்டார்.

"இன்னும் எத்தினி மூட்ட எறக்கணும்?"

"இன்னா பாய்?"

"கரியாலூரு லோடு. இன்னும் எத்தினி?"

சின்னதுரை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். ஜலீல் சிரிக்கவில்லை. திரும்பி, வந்த வழியிலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

"பாய், கரியாலூர் மேல இருக்குது!"

"கீழ."

"மேல பாய்!"

"இன்னாப்பா நீ, இத்தினி வருசமா எங்கிட்ட இருக்கற. கரியாலூரு கீழதான்."

அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லவே, சின்னதுரை ஒரு கணம் சாலையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். ஜலீல் சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வந்ததெல்லாம் தெளிந்த தண்ணீர். குடித்ததெல்லாம் போய்விட்டதே என்று பதறிய சின்னதுரை கேனைத் தூக்கி அவர் தலையில் ஊற்றினார். பாட்டிலை வாயில் வைத்தார்.

அந்த நேரம் ஸ்கூட்டரில் மேலே போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் வண்டியை நிறுத்தி இறங்கினார். மலையில் வேலைக்குப் போகிறவர். ஜலீலின் கையைப் பிடித்து நாடி பார்த்தவரின் பார்வை விரல்களில் நின்றது. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"எவ்ளோ குடிச்சாரு?"

"ஒண்ணும் கம்மி வெக்கலம்மா," என்றார் சின்னதுரை. "மணிக்கு ரெண்டு லிட்டர். கணக்கா குடுத்துக்கினு வரேன். எட்டு லிட்டர் ஆச்சு."

"எட்டா? பாட்டில கீழ வெய்யி மொதல்ல! ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போனாரா?"

"ஓட்டத்துல எங்கம்மா..."

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அளவுக்கு மேல் தண்ணீர் போய் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போயிருக்கிறது, மூளை குழம்பியது அதனால்தான், இன்னும் கொஞ்சம் குடித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்கள். சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபோது ஷூவைக் காணோம். ஜலீல் கேட்கவில்லை. 'சரி' என்று சொன்னவர் அவர்தானே.

ஆனால் ஆசியா பீவிக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. குடிக்காமல் விழுந்தது புரிகிறது. அளந்து குடித்து விழுந்தது எப்படி? தேவைக்கு இரண்டு மடங்கு குடித்துவிட்டார் என்கிறார் டாக்டர். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுதான் குடித்தேன் என்கிறார் இவர். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும்; பொய் சொல்கிற ஆளாக இருவரும் தெரியவில்லை. ஒருநாள் சாப்பாட்டுக் கேரியரோடு மண்டிக்கே வந்து எடைக் கணக்கைக் கேட்டார்.

சின்னதுரை எழுந்து நின்றார். "பாயம்மா, நான் ஒரு கிராம் தப்பா சொன்னதில்ல. எந்தப் பள்ளிவாசல்ல வேணாலும் நிக்க வெச்சிக் கேளுங்க."

"உன்ன யாருப்பா சொன்னது? ஏங்க, அதுமேல ஏறுங்க."

ஜலீல் ஏறினார். சின்னதுரை கூவினார்: "எழுபத்தி மூணு!" தராசிலும் எழுபத்து மூன்று. ஆசியா பீவி எட்டிப் பார்த்ததில் சின்னதுரைக்குக் கொஞ்சம் வருத்தம்.

"ஓடிட்டு வந்தா எப்பிடி இருப்பாரு?"

"தொப்பலா நனஞ்சி இருப்பாரு."

ஆசியா பீவி தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, யோசிக்காமல் கணவரின் தோளில் ஊற்றினார். ஜலீல் துள்ளினார்.

"அடியே! தண்ணியாலதான் சாகக் கெடந்தேன்!"

"பேசாம நில்லுங்க. இப்ப பாருப்பா."

சின்னதுரை தோளில் கை வைத்தார். எண்ணைப் பார்த்தார். கூவினார்.

"எழுபத்திரெண்டு!"

மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏம்ப்பா," என்றார் ஆசியா பீவி நிதானமாக. "மிஷின்ல எழுபத்தி மூணேகால் காட்டுது. தண்ணி ஊத்தினா எட ஏறத்தான செய்யும்? நீ சொன்னா மட்டும் எப்பிடி எறங்குது?"

சின்னதுரை எண்ணைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் பொய் பிடிபட்ட களை இல்லை. தன் வீட்டு வாசல் இடம் மாறி இருப்பதைக் கண்டவரின் திகைப்புதான் இருந்தது.

"ஈரத்துக்கு..." என்றார். "ஈரத்துக்கு ஒரு கிலோ, பாயம்மா. கால் கிலோ சில்லறயும் சேத்து வுட்டுடுவேன். கையில ஈரம் பட்டா வாய் தானா கழிச்சிடுது."

"நான் மூட்டயாடா?" என்று கத்தினார் ஜலீல்.

"பலகைல ஏறினா எல்லாம் ஒண்ணுதான பாய்."

ஒரு மணி நேரத்தில் அவர் உண்மையில் இழந்தது ஒரு கிலோ. மற்றொரு கிலோ வழக்கம். அந்த வழக்கத்தை மணிக்கணக்கால் பெருக்கிக் குடித்திருந்தார். பனிக்காலத்து மூச்சு உட்பட எல்லாம் விளங்கியது. ஆனால் விளங்கியதும் ஜலீலின் முகம் தெளியவில்லை. அவர் அடுக்கி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் தோளில் ஊற்றிய தண்ணீர் கால் கிலோ. மூட்டையின் ஈரம் எவ்வளவு? ஒரு கிலோ என்று அத்தா சொன்னார். அத்தாவுக்கு யார் சொன்னது? யாராவது காயவைத்து நிறுத்துப் பார்த்தார்களா? தானே ஒருநாளும் பார்க்கவில்லையே. சில மூட்டைக்கு அது கம்மியாகவும் இருக்கலாம். தெரியவில்லை என்பதுதான் தெரிந்தது.

அன்று மாலையே கரியாலூர்ப் பக்கத்திலிருந்து இருசம்மாள் என்ற பெண் சில மூட்டை சோளம் கொண்டுவந்தார். வழியில் தூறல். சின்னதுரை கை வைத்துவிட்டு வாயைத் திறந்தார், மூடினார், முதலாளியைப் பார்த்தார்.

"மிஷின்ல இருக்கறதச் சொல்லு. அப்பறம் கழிவத் தனியா சொல்லு," என்றார் ஜலீல்.

இரண்டு எண்களைக் கேட்ட இருசம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இன்னாங்க பாய், எல்லா மண்டிலயும் ஒரு எட சொல்றாங்க, நீங்க ரெண்டு சொல்றீங்க? எதுங்க நெசம்?"

ஜலீல் இரண்டு எண்களையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இதை நேர்மை என்று பாராட்டுவது அவசரம். ஈரத்துக்குக் கழிப்பது நிற்கவில்லை, சத்தமாகச் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். அடுத்த சில மாதங்களில் இரண்டு மூன்று பேர் குழப்பமில்லாத வேறு மண்டிக்குப் போனார்கள்.

வீட்டில் ஆசியா பீவி கேட்டார். "இப்பவாவது சொல்லுங்க. ஓடறதுக்கு எவ்ளோ தண்ணி வேணும்?"

ஒரு லிட்டர் என்று வாய்வரை வந்துவிட்டது. மலைக் குளிரில் வேர்வை நின்றது நினைவுக்கு வந்தது. சித்திரை வெயில் நினைவுக்கு வந்தது.

"தெரியல."

ஆசியா பீவி எழுந்து உள்ளே போனார். பிறகு அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து ஷூவை எடுத்து வந்து போட்டார்.

"தராசு தப்புன்னா சொன்ன பேச்சு செல்லாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"தராசு சரியாத்தான் இருந்துச்சு," என்றார் ஜலீல் தயங்கி. "நாமதான..."

"வாய மூடிக்கினு எடுத்துக்கங்க. தாகம் எடுத்தா குடிங்க. எடுக்கலன்னா உடுங்க."

தாகம் என்பது எது என்ற குழப்பம் அவரை விடவில்லை. வாய் காய்வதா? பயமா? சாலையோரம் ஒருவர் டீ குடிப்பதைப் பார்த்து வருவதா? பல காலைகளில் பாட்டிலைத் திறந்து, முகர்வதுபோல் பிடித்து, மூடியிருக்கிறார். மறு வருடம் தையில் மறுபடி மலைக்குப் புறப்பட்டார். ஏற்றத்தில் பாதிக்கு மேல் நடந்தார். அதை ஓட்டம் என்று சொல்லலாமா என்பது சொல்பவரைப் பொறுத்தது. ஊற்று கண்ட இடத்தில் பாட்டிலை நிரப்பிக்கொண்டார், சில இடத்தில் குடித்தார், சில இடத்தில் குடிக்கவில்லை. மத்தியானம் கரியாலூர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"கரியாலூர்ல."

"மேலயா, கீழயா?"

"மேலதான்."

"யாராவது தூக்கினு வர்றாங்களா?"

"பஸ்ஸுதான் தூக்கினு வரும். ஒக்காந்திருக்கேன்."

"எவ்ளோ குடிச்சீங்க?"

ஜலீல் காலுக்கடியில் கிடந்த பாட்டிலைப் பார்த்தார். அதில் பாதி இருந்தது. எத்தனையாவது பாதி என்று அவருக்கு நினைவில்லை.

"பாக்கல," என்றார்.